கதவு தட்டிய போத்தல்

புனித யாகப்பர் தீவக மக்கள் ஒன்றியம்
பிக்கரிங், ஒன்ராறியோ
03.09.2024

திருமதி அன்ரனெற் அவர்கட்கு,
காட்சிப் பொறுப்பாளர்,
டார்க்வா நினைவு ஆபிரிக்க மரபு அருங்காட்சியகம், பார்க்டேல்.

அம்மணி,

எதிர்வரும் ஒக்ரோபர் 19ஆம் திகதி சனிக்கிழமை தங்கள் அருங்காட்சியகம் திறந்துவைக்கப்படவிருப்பது அறிந்து எமது ஒன்றியம் மட்டற்ற மகிழ்ச்சி அடைகின்றது. எண்பதுகளில் கானா நாட்டிலிருந்து வந்து இந்நகரில் தாதியாகப் பணியாற்றிய அமரர் அஃபுவா டார்க்வா அம்மையார், நாடற்று வந்த நம் மக்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட கருணைக் கடல். அன்னாரை நாம் மறவோம்.

விழாவில் எமது ஒன்றியத்தின் சார்பில் மங்கள விளக்கேற்றல், வரவேற்பு நடனம், அம்மையாரின் குடும்பத்தினருக்குப் பொன்னாடை போர்த்தல் ஆகியன இடம்பெற ஒழுங்கு செய்துள்ளோம். "தமிழ் அகதிகளின் தாய்" எனும் தலைப்பில் அடியேன் உரையாற்றுவேன்.

இது தொடர்பில் ஒரு சிறு வேண்டுகோள். அழைப்பிதழுடன் தாங்கள் அனுப்பிய காணொளியில், மேல்மாடி மண்டபச் சுவரில் ஒரு திருமணப் புகைப்படம் பெரிதாக மாட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். அது ஒரு தனிப்பட்ட விடயம். பொது வைபவத்துக்குப் பொருந்தாது. அன்றைய தினம் என் மகள் நிரோஷினிக்குப் பேசிவந்திருக்கும் இடத்து மாப்பிள்ளை வீட்டாரும் சபையில் இருப்பார்கள் என்பதைத் தாங்கள் கவனத்தில் எடுப்பீர்கள் என நம்புகின்றேன். அப்படத்தை அகற்றி, அவ்விடத்தில் எமது ஒன்றிய நிர்வாகசபையின் வண்ணப்படத்தை மாட்டலாம். சட்டம் போட்டே அனுப்பிவைக்கின்றோம்.

இங்ஙனம்,
பே. கிளிபோட்
தலைவர்


பார்க்டேல்
08.09.2024

மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னமும் முத்திரையும் குத்திய தாளில், கூடப்பிறந்த தங்கச்சிக்கு முப்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு அண்ணன் எழுதிய முதல் கடிதம். "அம்மணி" என்று தொடங்கியிருந்தீர்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பா.

கருணைக் கடல் என்று எழுதக் கை கூசவில்லையா, அண்ணை? நாங்கள் இரண்டு பேரும் ஒரு பையோடு வந்து இறங்கிய குளிர்காலத்தில், அந்தக் கடலின் சோபாவில் படுத்துக்கொண்டு நீங்கள் மூக்கைப் பொத்தியது எனக்கு மறக்கவில்லை. அவ கச்சான் கடலை போட்டுக் காய்ச்சிய சூப்பை இரண்டு கோப்பை குடித்துவிட்டு, அறைக்குள் வந்து "கறுவலின்ரை சாப்பாடு" என்று எனக்குச் சொன்னீர்கள். அகதி விசாரணைக்குப் போக உங்களுக்குக் கோட் இல்லை. அவவின் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனீர்கள். பொம்பிளைக் கோட் என்று முழுநாளும் முணுமுணுத்தீர்கள். கேஸ் வென்றது அந்தக் கோட்டோடுதான்.

பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில் உங்களுக்கு வீடு கிடைத்தது. அவவின் மகன் யாவைக் கட்டப்போகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு என் உடுப்புகளைக் கொரிடோரில் கொண்டுபோய் வைத்தீர்கள். அப்பா இல்லை, அம்மா ஊரில். எனக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே ஆள் கதவைப் பூட்டினார். அந்த ஆள் இப்போது "தமிழ் அகதிகளின் தாய்" என்று பேசப்போகிறார். தாயின் மகனைத் தங்கச்சிக்குக் கொடுக்கக் கூடாது, ஆனால் தாயைப் பற்றி மைக்கில் பேசலாம். நல்ல ஞாயம்.

உங்களைக் குத்துகிற அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், காணொளியில் வடிவாகத் தெரிந்திராது. கோயில் நடுவழி. நான் வெள்ளைச் சேலை. என் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது மாப்பிள்ளையின் தாய். நீங்கள் பிடித்திருக்கவேண்டிய கை. பீடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபக்கம் போய் யாவின் தாயாக நின்றா. பொம்பிளைப் பக்கத்து வாங்குகளில் ஒரு குருவி இல்லை. மியூசியத்துக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்கும், நான் இப்போதே பதில் யோசித்து வைத்திருக்கிறேன்.

படம் இறங்காது. உங்கள் நிர்வாகசபைப் படத்தை உங்கள் வீட்டு ஹோலில் மாட்டுங்கள், சம்பந்தி வீட்டார் தேத்தண்ணி குடிக்கும்போது பார்ப்பார்கள்.

இன்னொன்று. படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பில் உங்கள் பெயரும் இருக்கிறது. பயப்பட வேண்டாம், நல்லவிதமாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. நான் எழுதியதல்ல. மம்மி, அதுதான் என் மாமி, கண்ணை மூடமுதல் தன் வாயால் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறார்கள்.

அன்ரனெற் டார்க்வா


பிக்கரிங்
14.09.2024

அன்ரனெற்,

உனக்கு வாய் இன்னும் குறையவில்லை. வயது அறுபதை எட்டுகிறது என்ற நினைப்பாவது இருக்கவேண்டும்.

என்னைக் கேளாமல் என் பெயரை எப்படிச் சுவரில் ஏற்றுவாய்? என் பெயர் ஒரு மரியாதையான பெயர். அது ஒரு முக்காலிக்கும் பழைய சட்டிபானைக்கும் நடுவில் தொங்கத் தேவையில்லை. காணொளியில் பார்த்தேனே உங்கள் மியூசியத்தை. கோப்பிக் கேத்தில், கிழிந்த போர்வை, கைப்பிடி உடைந்த அகப்பை. இதுகளை எங்கடை ஆக்கள் குப்பைக்கு வைப்பார்கள், நீங்கள் கண்ணாடிப் பெட்டி செய்து லைற் போட்டிருக்கிறீர்கள்.

மம்மி தன் வாயால் என்ன சொன்னா? தான் குடிவெறியில் வந்து என் வீட்டுக் கதவை இடித்ததையும் சொன்னாவோ? உனக்குத் தெரியாது, நீ அன்றைக்கு அங்கே இல்லை. நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தமிழ்ச் சனம் நிறைந்த கட்டடம். உந்த மனிசி கலர் கலராய்ச் சேலை சுற்றின நாலைந்து பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு எலிவேற்றரால் இறங்குது. கையிலே இரண்டு பச்சைச் சாராயப் போத்தல். கதவைத் தட்டிப்போட்டுப் போத்தலை என்ரை நெஞ்சுக்கு நேரே நீட்டுது. கொரிடோர் முழுக்கக் கதவுகள் திறந்து சனம் எட்டிப் பார்க்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பொம்பிளை, கோயிலுக்குப் போகிறவள் என்று சொல்கிறவள், போத்தலோடு.

போத்தல் இரண்டையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெறிகாரியிடமிருந்து போத்தலை வாங்கினது அவளுக்குச் செய்த உபகாரம். பிறகு அதைக் குசினிச் சிங்கில் ஊற்றிவிட்டேன். இதை நான் யாருக்கும் மறைத்ததில்லை. கலியாண வீடுகளில் கேட்டால் சொல்லுவேன், சனம் சிரிக்கும்.

படமும் பெயரும் திறப்புவிழாவுக்கு முதல் இறங்கவேண்டும். இல்லையென்றால் ஒன்றியம் வராது, நடனமும் இல்லை, விளக்கும் இல்லை.

கிளிபோட்


பார்க்டேல்
20.09.2024

அண்ணை,

விளக்கு இல்லாவிட்டால் நாங்கள் லைற் போட்டுச் சமாளிப்போம்.

அந்தச் சிரிப்புக் கதையை நீங்கள் எத்தனை கலியாண வீட்டில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டில் சொன்னாலும் ஒருத்தர் எனக்குக் கொண்டுவந்து தருவார். "உன்ரை மாமி வெறியிலை வந்தவவாமே" என்று கடையில், வங்கியில், செத்தவீட்டில். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இருந்து வாசியுங்கள். மம்மி மெதடிஸ்ற் சபைக்காரி. அவவின் கோயிலில் நற்கருணைக்கே வைன் இல்லை, திராட்சைச் சாறு. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிசி.

அவவின் ஆட்களிடம் பெண் கேட்டுப் போவதற்குக் "கதவு தட்டல்" என்று பெயர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நல்ல உடுப்பு உடுத்து, பாடிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போவார்கள். கையில் இரண்டு போத்தல். ஒன்று, உங்கள் கதவைத் தட்டுகிறோம் என்று. மற்றது, பெண்ணைத் தாருங்கள் என்று. முறைப்படி இரண்டாவதை இன்னொரு நாள்தான் கொண்டுபோக வேண்டும். "உன்ரை அண்ணன் இரண்டாந்தரம் கதவு திறக்கமாட்டார் எண்டு தெரியும், அதுதான் ரண்டையும் ஒண்டாக் கொண்டு போனனான்" என்று மம்மி சொல்லுவா. உங்களை அவவுக்கு அவ்வளவு நல்லாய்த் தெரியும்.

தாம்பூலத் தட்டோடு வந்த சம்பந்தியை வெறிகாரி என்று சனத்துக்குச் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். ஊரில் யாராவது எங்கள் ஆட்களுக்கு இப்படிச் செய்திருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

இனிச் சிங்க் கதை. அதைச் சிங்கில் ஊற்றவில்லை, அண்ணை. எங்கள் மாமாவின் மகன் லெஸ்லி அன்றைக்கு உங்களோடு அந்த வீட்டில்தான் இருந்தான். போன வருடம் ஒரு செத்தவீட்டில் கண்டு கேட்டேன். ஆட்டிறைச்சி பொரித்து, இரண்டு பேருமாக ஒரு கிழமை வைத்துக் குடித்தீர்களாம். "நல்ல சாமான், மச்சாள், இண்டைக்கும் வாயிலை நிக்குது" என்றான். அவனுக்கு வெட்கமே இல்லை, உங்களுக்காவது கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன். பொம்பிளை வீட்டார் போத்தலை வாங்கிக் குடித்துவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. கோயில் கலியாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். "பெண்ணின் அண்ணன் கிளிபோட் எங்கள் பானத்தை ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அன்ரனெற் எங்கள் வீட்டுப் பிள்ளை." இவ்வளவுதான். நீங்கள் போத்தலைத் திருப்பி அனுப்பாததிலேயே, குடித்துவிட்டீர்கள் என்று மம்மி அப்போதே அறிந்துவிட்டா. அதற்குப் பிறகு உங்களைப் பற்றி யாரும் ஒரு குறைச் சொல் சொல்ல அவ விட்டதில்லை. யாவ் ஒருதரம் உங்களைப் பேசியதற்கு, "அவர் உனக்குப் பெண் தந்த மனிசன்" என்று அடிக்கப் போனா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவன் தரவில்லை மம்மி, துரத்தினவன் என்று. அவ கேட்கவில்லை.

உங்களுக்கு அந்த மரியாதை கொஞ்சமும் உரியதில்லை. ஆனாலும் சுவரில் இருக்கிறது. இருக்கட்டும்.

அன்ரனெற்


பிக்கரிங்
28.09.2024

அன்ரனெற்,

நீங்கள் ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டு ஒரு குடும்பத்தையே வாங்கிவிட்டதாகச் சுவரில் எழுதுவீர்கள், நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். நல்ல வியாபாரம்.

நான் எவருக்கும் எதையும் கொடுக்கவில்லை. எனக்கு அந்த முறையும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. லெஸ்லியிடம் இரண்டு போத்தல் கொடுத்து அனுப்புகிறேன். அதே பச்சைச் சதுரப் போத்தல்தான், ஏழு கடை ஏறி இறங்கி எடுத்தது. சீல் உடைக்கவில்லை. வாங்கினதைத் திருப்பியாயிற்று. இனி அந்தக் குறிப்புப் பொய். பொய்யை மியூசியத்தில் வைக்கக்கூடாது. பெயரையும் படத்தையும் இறக்கு.

கிளிபோட்


பார்க்டேல்
05.10.2024

அண்ணை,

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. படத்தைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். சந்தோஷமாக இருங்கள்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். லெஸ்லி வந்து போத்தல்களை வரவேற்பு மேசையில் வைத்து, "கிளிபோட் மச்சான் திருப்பிக் குடுக்கச் சொன்னவர்" என்று பெரிய காரியம் முடித்தவன் போல நின்றான். அந்த நேரம் மேசையில் இருந்தது மம்மியின் தம்பி ஒபெங் மாமா. எண்பது தாண்டிய மனிசன். போத்தலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு யாவைக் கூப்பிடச் சொன்னார்.

முறை தெரியாது என்று எழுதினீர்கள். தெரியாமலே முறையைச் சரியாகச் செய்துவிட்டீர்கள். குடித்த பானத்தைப் பொம்பிளை வீட்டார் திருப்பி அனுப்பினால் கலியாணத்தை முறிக்கிறார்கள் என்று பொருள். பெண்ணைத் திருப்பிக் கூட்டிப்போகிறோம் என்று பொருள். அதை யாரும் செய்யமுடியாது. ஒன்றியத் தலைவர் செய்யமுடியாது, கொண்டுவந்த லெஸ்லி செய்யமுடியாது. பெண்ணைக் கொடுத்தவர் மட்டும்தான் செய்யலாம். ஒபெங் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார், "உனக்கு அண்ணன் இல்லை என்று இத்தனை வருடம் சொன்னாய். பிறகு இதை யார் அனுப்பினது?"

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். கிழவர்கள் விளையாட்டு என்பீர்கள். ஆனால் இவர்கள் விளையாடவில்லை. யாவ் அன்று பின்னேரம் ஸ்ட்ரீட்கார் வண்டி ஓட்டும் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குசினியில் இருந்தான். பிறகு என்னிடம் கேட்டான், "நான் என்ன பிழை விட்டேன் என்று உன் அண்ணன் சொன்னாரா?" அறுபத்துமூன்று வயது மனிசன். என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை, எனக்கு ஒப்பரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக் கதிரையில் படுத்தவன், அப்படிக் கேட்கிறான். எனக்கு உங்கள் மேல் முன்பு கோபம்தான் இருந்தது. இப்போது அருவருப்பு வருகிறது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

போத்தல் திரும்பினால் இரண்டு வீட்டாரும் இருக்கவேண்டும். பெண்ணின் அண்ணன் எழும்பி, மாப்பிள்ளையில் என்ன குறை கண்டு முறிக்கிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும். குறை உண்மை என்றால் நான் உங்களோடு வரவேண்டும். எந்த அறையை ஒழித்து வைத்திருக்கிறீர்கள்? முழங்கால் வருத்தம், மேல்மாடி சரிவராது. குறை இல்லை என்றால் அதையும் நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்லவேண்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால் போத்தல் மேசையிலும் துணி படத்திலும் அப்படியே கிடக்கும். மம்மி கட்டியெழுப்பின மியூசியத்தை மம்மியின் மருமகள் இல்லாமல் திறப்பார்கள். நான் கீழே வாசலில் நின்று ரிக்கெற் கிழிப்பேன்.

உங்களுக்கு மிகவும் வசதி. நீங்கள் வரவேண்டியதே இல்லை. வீட்டில் இருந்தாலே உங்கள் விருப்பம் நிறைவேறும், சம்பந்தி வீட்டாருக்கும் ஒன்றும் தெரியவராது. ஒன்றும் செய்யாமல் இருப்பது உங்களுக்குப் பழகின காரியம்தானே.

அன்ரனெற்


பிக்கரிங்
13.10.2024

அன்ரனெற்,

உங்கடை மாமாமாரின் சபை கோர்ட்டுக்கு மேலால் இருக்கிறது. என் வாழ்நாளில் இப்படி ஒரு கூத்தைக் கேள்விப்படவில்லை. இரண்டு போத்தலைத் திருப்பிக் கொடுத்த மனிசனை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒபெங் மாமாவுக்குச் சொல்லு, நான் குற்றவாளி இல்லை.

ஆனாலும் கூப்பிட்டபடியால் எழுதத் தொடங்கினேன். குறைதானே வேண்டும், ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுப்பம் என்று இருந்தேன். குடிகாரன் என்று எழுதினேன். லெஸ்லி பக்கத்தில் இருந்து, "குடிச்சது நாங்களெல்லோ" என்றான். அதைக் கிழித்தேன். தங்கச்சியைக் கண்கலங்க வைத்தான் என்று எழுதினேன். அதை யார் செய்தது என்று நீ சபையிலே எழும்பிக் கேட்பாய், உனக்கு அந்த வாய் இருக்கிறது. அதையும் கிழித்தேன். வேலைவெட்டி இல்லாதவன் என்று எழுத முடியாது. குயின் வீதியில் அவன் ஓட்டுகிற ஸ்ட்ரீட்காரில் நானே எத்தனை தரம் ஏறியிருக்கிறேன். முன்னாலே அவன் இருக்கிறான் என்று கண்டால் நான் பின்கதவால் ஏறுவேன். ஒருமுறை மழைக்குள் ஓடிவந்தேன், அவன் கண்ணாடியில் கண்டுவிட்டுக் கதவைத் திறந்தபடி காத்துக்கொண்டு நின்றான். நான் ஏறவில்லை. அடுத்த ஸ்ட்ரீட்காருக்கு நனைந்துகொண்டு நின்றேன்.

மறைவாக ஏதாவது இருக்கும் என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். அந்த மனிசனோடு நான் ஒரு சொல் கதைத்ததில்லை. அவனில் என்ன குறை என்று எனக்கு எப்படித் தெரியும்? நிறத்தை எழுதலாம். எழுதியும் பார்த்தேன். தாளில் அதை மட்டும் தனியப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்தத் தாளை நிரோஷினி மேசையில் கண்டுவிட்டாள்.

அவளுக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. செத்துப்போன ஒரு தங்கச்சி என்று தாய் எப்போதோ சொல்லியிருக்கிறாள். இப்போது எல்லாம் சொல்லவேண்டி வந்தது. "சீரியஸ்லி அப்பா? எனக்கு ஒரு மாமி முக்கால் மணித்தியாலத் தூரத்திலை இருக்கிறாவா?" என்றாள். பிறகு அறைக்குள் போய் மாப்பிள்ளைப் பொடியனுக்குத் தானே போன் பண்ணி முழுக்கதையும் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாது. வருவது வரட்டும். அவள் என்னோடு கதைக்காமல் இன்றைக்கு மூன்றாவது நாள். எங்கள் குடும்பத்தில் பொம்பிளையளுக்கு வாய் மட்டும் இல்லை, பிடிவாதமும் உண்டு.

சனிக்கிழமை திறப்புவிழாவுக்கு முதல், காலமை, சபையைக் கூட்டச் சொல்லு. வந்து சொல்கிறேன். யாவில் குறை ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் தேடியும் அகப்படவில்லை. அதை எழும்பிநின்று சொல்வேன், தமிழிலும் சொல்வேன் இங்கிலீசிலும் சொல்வேன். உங்களுடைய பாஷையில் சொல்லவேண்டும் என்றால் யாராவது சொல்லித்தரட்டும், இரண்டு வரி என்னால் பாடமாக்க முடியும். சொன்ன பிறகு துணியை எடுக்கட்டும். போத்தலை என்ன செய்வது என்று அவர்கள்தான் தீர்மானிக்கவேண்டும். நான் கேட்கமாட்டேன்.

பேச்சு, பொன்னாடை, நடனம் ஒன்றும் இல்லை. ஒன்றியம் வராது, நிர்வாகசபைக்கு அறிவித்துவிட்டேன்.

பொம்பிளை வீட்டார் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று அறியத்தா. கதிரை போடுவது என்றால் நாலு போடச் சொல்லு. எனக்கொன்று, நிரோஷினிக்கும் தாய்க்கும், லெஸ்லிக்கும்.

கிளிபோட்